ஒரு .303 ரைபிளும் அதன் பட் நம்பரும்

அப்பா 1974-இல் ஆயுதப்படைக் காவலராகச் சேர்ந்தார். அவருக்குக் கொடுத்தது .303 ரைபிள். வீட்டில் அதை "த்ரீ நாட் த்ரீ" என்றுதான் சொல்வோம். வீட்டுக்கு அதை ஒரு நாளும் கொண்டுவந்தது கிடையாது. பணி முடிந்தால் ஆயுதக் கிடங்கில் ஒப்படைத்துவிட்டுத்தான் வருவார். ஆனாலும் அந்த ரைபிளின் எடை, அது தோளில் கொடுக்கும் உதை, அதைச் சுத்தம் செய்யும் முறை எல்லாம் எனக்குச் சின்ன வயதிலேயே கதையாகத் தெரியும். பட் நம்பரும் தெரியும். கட்டையின் பின்பக்கத்தில், அதாவது பட்டில், பெயின்ட்டால் எழுதியிருக்கும் எண் அது. கிடங்கில் ரைபிளை வாங்கும்போதும் கொடுக்கும்போதும் காவலர் அந்த எண்ணைத்தான் சொல்வார். அப்பாவின் எண் 112. ஓய்வு பெற்று இத்தனை வருஷம் ஆகியும், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால்கூடச் சொல்வார்.

நான் அமெரிக்காவில் இருக்கிறேன். இங்கே குடியுரிமை வாங்கிய பிறகு, பழைய ராணுவ ரைபிள்களைச் சேகரிப்பவர்கள் சிலர் பழக்கமானார்கள். அவர்களில் ஒருவர் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த ஒரு லீ என்ஃபீல்டை, அதாவது அப்பாவின் .303 ரகத்தை, முதல்முதலாகக் கையில் எடுத்துப் பார்த்தேன். முன்முனையை மூடும் நோஸ் கேப்பின் மொட்டை மூக்கு, பின்னால் இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும் போல்ட், கீழே பத்துத் தோட்டா கொள்ளும் மேகசீன். அப்பா சொல்லிச் சொல்லி மனதில் பதிந்திருந்த அதே உருவம். அன்றைக்கே முடிவு செய்தேன், ஒன்று வாங்க வேண்டும் என்று. அதுவும் இங்கிலாந்தில் செய்ததோ ஆஸ்திரேலியாவில் செய்ததோ வேண்டாம். இஷாபூரில் செய்ததாக இருக்க வேண்டும்.

இஷாபூர் மேற்கு வங்கத்தில், ஹூக்ளி ஆற்றின் கரையில் இருக்கிறது. 1787-இல் அங்கே வெடிமருந்துத் தொழிற்சாலை அமைத்தார்கள். 1904-இலிருந்து அந்த இடம் ரைபிள் தொழிற்சாலையாக மாறியது. பிரிட்டிஷ் ராணுவம் 1907-இல் ஏற்றுக்கொண்ட மார்க் 3 என்ற லீ என்ஃபீல்டு ரைபிளையும், முதல் உலகப் போரின் நடுவில் வேலையைக் குறைப்பதற்காகச் சில பாகங்களை விட்டுவிட்டுச் செய்த மார்க் 3 ஸ்டாரையும் இஷாபூர் தொடர்ந்து செய்துகொண்டிருந்தது. இங்கிலாந்து இரண்டாம் உலகப் போரில் நம்பர் 4 என்ற புதிய ரகத்துக்குப் போய்விட்டது. இஷாபூர் பழைய ரகத்தை விடவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகும் செய்தது. 1962 சீனப் போருக்குப் பிறகு அதே உருவத்தில், வலுவான எஃகில், 7.62 மி.மீ. தோட்டாவுக்காக 2ஏ, 2ஏ1 என்று புதிதாகவே ரைபிள்கள் செய்தது. (2ஏ1 என்பது பழைய .303-ஐ மாற்றியமைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மேகசீனைப் பார்த்தாலே தெரியும்: .303-க்குச் சாய்வாக இருக்கும், 2ஏ1-க்குச் சதுரமாக இருக்கும்.) 2008 நவம்பரில் மும்பை ரயில் நிலையத்தில் தானியங்கித் துப்பாக்கிகளை எதிர்கொண்ட காவலர்கள் சிலரின் கையில் இருந்தது .303தான். உத்தரப் பிரதேசக் காவல்துறை அதற்கு விடை கொடுத்தது 2020 ஜனவரி 26 அன்று. நூறு வருஷத்துக்கு மேல் ஒரே ரைபிள் நம் ஆட்களின் தோளில் இருந்திருக்கிறது.

இந்தியாவில் என்னைப் போன்ற ஓர் ஆள் இதை வைத்திருக்க முடியாது. .303 அங்கே தடைசெய்யப்பட்ட ரகம். அமெரிக்காவில் 50 வயது தாண்டிய துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்களுக்கென்று தனி உரிமம் இருக்கிறது; கட்டணம் 30 டாலர், 3 வருஷம் செல்லும். அந்த உரிமம் வாங்கினால் ஒரு நோட்டுப் போட வேண்டும். எந்தத் தேதியில், யாரிடமிருந்து, எந்தத் தொழிற்சாலையின் எந்த ரகம், வரிசை எண் என்ன, எந்த அளவுத் தோட்டா என்று ஒவ்வொன்றையும் அதில் பதிய வேண்டும். மாநிலச் சட்டம் தனி, அதையும் பார்க்க வேண்டும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள்: எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாக இடம் கொடுப்பதில்லை. விலக்குகள் சில உண்டு. வழக்கறிஞரைக் கேட்காமல் ஆசைப்பட்டு எதையும் தொட வேண்டாம்.

வாங்குவதற்கு எனக்கு ஒன்றரை வருஷம் ஆனது. முதலில் பார்த்த ரைபிளை "எல்லா எண்ணும் பொருந்துகிறது" என்று விற்பவர் சொன்னார். இந்த ரைபிள்களில் வரிசை எண்ணை ஒரே இடத்தில் மட்டும் அடிக்க மாட்டார்கள். போல்ட் ஓடும் இரும்பு உடலான ரிசீவரில், போல்ட்டின் கைப்பிடியில், நோஸ் கேப்பில், பின்குறியின் தகட்டில் என்று பல இடத்தில் அடிப்பார்கள். அவர் ரைபிளில் நான்கும் ஒன்றாகத்தான் இருந்தன. ஆனால் போல்ட்டின் எண்ணைச் சாய்வான வெளிச்சத்தில் பார்த்தபோது, எண்ணைச் சுற்றி உலோகம் கொஞ்சம் பள்ளமாக இருந்தது. பழைய எண்ணை அரத்தால் தேய்த்துவிட்டுப் புதிதாக அடித்திருக்கிறார்கள். ராணுவக் கம்மியர்களும் போல்ட்டை மாற்றி எண்ணைத் திருத்துவது உண்டு; அவர்கள் பழைய எண்ணின் மேல் ஒரு கோடு போட்டுவிட்டுப் பக்கத்தில் புது எண்ணை அடிப்பார்கள், மறைக்க மாட்டார்கள். இங்கே எழுத்தின் விளிம்பு கூர்மையாக, நேற்று அடித்தது போல இருந்தது. வேண்டாம் என்று வந்துவிட்டேன். போல்ட் மாறியிருப்பது பெரிய குற்றம் ஒன்றும் இல்லை, போருக்குப் போன ரைபிளில் அது சகஜம். அதை மறைத்தது எனக்குப் பிடிக்கவில்லை.

போல்ட் பொருந்துவது அழகுக்கான விஷயம் மட்டும் இல்லை என்பதையும் அப்போதுதான் கற்றுக்கொண்டேன். போல்ட் முகத்துக்கும், அறையில் தோட்டாவை மேலே போகவிடாமல் தடுத்து நிறுத்தும் இடத்துக்கும் இடையே உள்ள இடைவெளியை ஹெட்ஸ்பேஸ் என்கிறார்கள். .303-இல் தோட்டாவின் ரிம், அதாவது அடியில் துருத்தும் விளிம்பு, அதைத் தீர்மானிக்கிறது. போல்ட் மாறினால் அந்த இடைவெளி மாறும். அதிகமானால் சுடும்போது பித்தளைக் கூடு கிழியும். கேஜ் என்ற அளவுக் கருவியை வைத்து ஒரு துப்பாக்கிக் கம்மியர் சரிபார்க்காமல் எந்தப் பழைய ரைபிளையும் சுடக்கூடாது. டி.பி. என்ற எழுத்துகள் அடித்திருந்தால் அது அணிவகுப்புப் பயிற்சிக்கு ஒதுக்கியது. சுடும் பேச்சே வேண்டாம்.

கடைசியில் கிடைத்தது ஒரு முதியவரின் சேகரிப்பில். கண்பார்வை குறைந்துவிட்டதால் ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். கட்டையும் இரும்பும் சேரும் கழுத்துப் பகுதியில் ஒரு கிரீடம், அதற்குக் கீழே ஜி.ஆர்.ஐ. என்ற மூன்று எழுத்து, இஷாபூர் என்ற பெயர், 1943 என்ற வருஷம். ஜார்ஜ், அரசர், பேரரசர் என்று லத்தீனில் சொல்வதன் சுருக்கம் அது. 'ஐ' என்ற எழுத்து இந்தியாவின் பேரரசர் என்பதற்காக. சுதந்திரத்துக்குப் பிறகு செய்தவற்றில் கிரீடம் போய் அசோகச் சிங்கங்கள் வந்துவிட்டன. மேகசீனுக்குச் சற்று முன்னால் மரத்தைக் குறுக்கே துளைத்து ஒரு திருகு போட்டிருந்தது. மரம் பிளக்காமல் இருக்க இந்தியாவில் பிற்பாடு சேர்த்தது அது; சேகரிப்பவர்கள் இஷாபூர் திருகு என்றே சொல்வார்கள். ஆக, 1943-இல் பிறந்த இந்த ரைபிள் பிற்பாடு ஒருமுறையாவது கம்மியர் மேசைக்கு வந்திருக்கிறது. பேரலின் அடியில் இங்கே இறக்குமதி செய்த நிறுவனத்தின் பெயர் பொடி எழுத்தில் இருந்தது. இந்த முத்திரை இருந்தால் சிலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அதுவும் அந்த ரைபிளின் பயணத்தில் ஒரு பதிவுதான்.

பேரலின் உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். ஐந்து காடிகள், இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகின்றன. பளபளப்பு இல்லை, அங்கங்கே பொட்டுப் பொட்டாகத் துரு தின்ற தடம். அந்தக் காலத்துத் தோட்டாக்களில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும்; சுட்ட பிறகு அது உப்பாகப் பேரலுக்குள் படியும், காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். எண்ணெய் போட்டுத் துடைத்தால் உப்பு போகாது. தண்ணீர்தான் கரைக்கும். அதற்காகவே கொதிக்கும் வெந்நீரைப் புனல் வைத்து ஊற்றுவார்கள். யாரோ ஒருவர் சில நாள் அதைச் செய்யாமல் விட்டிருக்கிறார்.

அப்புறம் பேரலின் வாயைப் பார்த்தேன். வட்டமாக இருக்க வேண்டிய விளிம்பு, கீழ்ப்பக்கத்தில் மட்டும் லேசாகத் தேய்ந்து ஒரு பள்ளமாக இருந்தது. நகத்தை வைத்தால் தட்டுப்படுகிறது. அது என்ன என்று எனக்குத் தெரியவில்லை. அன்று மாலை வீடியோ காலில் அப்பாவுக்குக் காட்டினேன். பார்த்ததும் சொன்னார்.

"புல் த்ரூ தேய்ச்சது அது. கயித்த நேரா இழுக்காம சாய்ச்சு இழுத்திருக்கான். எங்க ஹவில்தார் பின்னாடியே நின்னு கத்துவாரு, நேரா இழுடா, நேரா இழுன்னு."

புல் த்ரூ என்பது ஒரு முனையில் பித்தளைக் குண்டு கட்டிய கயிறு. குண்டைப் பேரலின் பின்பக்கம் போட்டால் வாய் வழியாக வெளியே வரும். மறுமுனையில் உள்ள கண்ணியில் நான்கு அங்குலத்துக்கு இரண்டு அங்குலம் ஃபிளானல் துணியைக் கோத்து, எண்ணெய் தொட்டு இழுப்பார்கள். அந்தத் துணிக்கு அப்பா சொல்லும் பெயர் சிந்தி. கயிற்றில் ஒட்டியிருக்கும் மண் துகள் அரம் மாதிரி வேலை செய்யும். சாய்த்து இழுத்தால் எஃகே தேயும். ஆயிரக்கணக்கான தடவை, தினமும், காலையும் மாலையும். பேர் தெரியாத ஒரு சிப்பாயின் அல்லது காவலரின் கைப்பழக்கம் அந்த எஃகில் பதிந்து கிடக்கிறது. குறி தவறுவதற்கு இது ஒரு காரணம், வாங்கும்போது விலையைக் குறைக்கவும் இது ஒரு காரணம். நான் குறைத்துக் கேட்கவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்தபோது மரமெல்லாம் பிசுபிசுவென்று கறுத்துக் கிடந்தது. கிடங்கில் நெடுநாள் வைப்பதற்கு முன் காஸ்மோலின் மாதிரி ஒரு கெட்டியான கிரீஸைப் பூசுவார்கள். துருவை அருமையாகத் தடுக்கும்; ஆனால் வருஷக் கணக்கில் ஆகும்போது மெழுகு மாதிரி இறுகிவிடும், மரத்துக்குள்ளும் இறங்கிவிடும். இரும்பில் இருப்பதை, பெயின்ட்டைக் கரைக்கப் பயன்படும் மினரல் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் வந்துவிடும். மரத்தில் அப்படி அவசரப்படக்கூடாது. கறுப்பு பிளாஸ்டிக் பையில் பழைய துணி சுற்றி வெயிலில் வைத்தால், சூட்டில் கிரீஸ் தானாகக் கசிந்து வெளியே வரும். துடைக்க வேண்டும், மறுபடி வைக்க வேண்டும். சில நாள் ஆகும்.

எனக்கு அந்தச் சில நாள் பொறுமை இல்லை. அன்று ராத்திரியே மினரல் ஸ்பிரிட்டில் நனைத்த துணியோடு உட்கார்ந்துவிட்டேன். பட்டின் வலப்பக்கம் தடித்த அழுக்கு. தேய்க்கத் தேய்க்க மரத்தின் செம்பழுப்பு நிறம் தெரிய ஆரம்பித்தது, உற்சாகமாக இன்னும் தேய்த்தேன். துணியைத் திருப்பியபோது அதில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. ஒரு கணம் என்னவென்று புரியவில்லை. விளக்கைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தேன். அழுக்குக்கு அடியில் வெள்ளைப் பெயின்ட்டில் ஓர் எண் இருந்திருக்கிறது. 4 இருக்கிறது. 7 இருக்கிறது. அதற்கு அடுத்து இருந்தது என் துணியில் இருந்தது.

பட் நம்பர். சின்ன வயதிலிருந்து கேட்ட அதே பட் நம்பர். யாரோ ஒருவர் தினமும் கிடங்கு வாசலில் நின்று சொன்ன எண்ணில் கடைசி இலக்கத்தைப் பத்து நிமிஷத்தில் துடைத்துவிட்டேன். அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகு எதைத் தொடுவதற்கு முன்னாலும் படம் எடுக்கிறேன். நேர் வெளிச்சத்தில் ஒன்று, பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒன்று. துடைப்பதற்கு முன் கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் பஞ்சுக் குச்சியால் தொட்டுப் பார்க்கிறேன். எதையாவது கழற்றும் முன் படிக்கிறேன். அந்தப் பழக்கம் அடுத்த வாரமே ரைபிளைக் காப்பாற்றியது. பட்டைக் கழற்ற வேண்டும் என்று நினைத்தேன். பட்டின் அடித்தகட்டில் ஒரு சின்ன மூடி இருக்கும்; அதைத் திறந்து, உள்ளே இருக்கும் தோல் அடைப்பை எடுத்துவிட்டு, நீளமான திருப்புளியை விட்டால், பட்டைப் பிடித்திருக்கும் ஸ்டாக் போல்ட் என்ற நீளத் திருகைத் திருகலாம். பார்க்க மிகச் சுலபமான வேலை. ஆனால் இந்த ரகத்தில் அந்த போல்ட்டின் முன்முனை சதுரமாக இருக்கிறது. அது முன்கட்டையின் பின்பக்கத்தில் உள்ள ஒரு தகட்டுக்குள் பூட்டியது போல உட்கார்ந்திருக்கும். முன்கட்டையைக் கழற்றாமல் போல்ட்டைத் திருகினால் அந்தச் சதுர முனை சுழன்று மரத்தை உள்ளிருந்தே பிளந்துவிடும். முன்கட்டை முதலில், பட் பிறகு. சந்தையில் பின்பக்கம் விரிசல் விட்ட முன்கட்டைகள் இத்தனை இருப்பதற்கு இந்த வரிசை தெரியாமல் திருகியதும் ஒரு காரணம்.

மூடிக்குள் எண்ணெய்க் குப்பி இருந்தது. பித்தளை, விரல் நீளம், மூடியோடு சேர்ந்த சின்னக் கரண்டி. கூடவே சுருட்டி வைத்த புல் த்ரூ, அதன் கண்ணியில் கறுத்துப்போன ஒரு துண்டு ஃபிளானல். கயிறு தொட்டால் நார் நாராக வருகிறது. அவற்றைத் தனியாக, அமிலம் இல்லாத தாளில் சுற்றி வைத்திருக்கிறேன். குப்பியைப் பளபளப்பாக்கவில்லை.

மரத்துக்குச் சுத்தமான ஆளிவிதை எண்ணெய், அதுவும் ராணுவத்தில் போட்ட மாதிரி கைச்சூட்டில் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்து எடுத்துவிட வேண்டும். கொஞ்சம் போதும். நிறையப் போட்டால் மரம் மென்மையாகும், முன்கட்டை ரிசீவரை அழுத்திப் பிடிக்கும் இடம் நசுங்கும். இன்னொரு எச்சரிக்கை: அந்த எண்ணெய் நனைந்த துணியைக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். காயும்போது சூடு உண்டாகித் தானாகவே தீப்பற்றும். விரித்துக் காயப்போடுங்கள் அல்லது தண்ணீரில் நனைத்து மூடிய டப்பாவில் போடுங்கள்.

உப்புக் காகிதம் கூடவே கூடாது. இதில் எனக்கு யாரோடும் சமரசம் இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்த ரைபிள்கள் மலிவாகக் கிடைத்த காலத்தில், வேட்டைக்குத் தோதாக முன்கட்டையை அறுத்து, நோஸ் கேப்பைக் கழற்றி எறிந்து, வார்னிஷ் அடித்தவர்கள் ஏராளம். அவர்களுக்கு அது ஒரு கருவி, அதனால் அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இன்று, எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும்போது, "புதுசு மாதிரி ஆக்கிவிட்டேன்" என்று ஒருவர் படம் காட்டும்போதுதான் வயிற்றைப் பிசைகிறது. தேய்த்து எடுத்த மரத்தோடு பரிசோதகர்களின் முத்திரை போகிறது, கம்மியர் வைத்த ஒட்டு போகிறது, கை பட்டுப் பட்டு மெருகேறிய இடம் போகிறது. கறுப்புப் பெயின்ட் அடித்த இந்திய ரைபிள்களைச் சுரண்டிப் பளபளப்பாக்குகிறார்கள். அந்தப் பெயின்ட்டை அடித்ததே நம் ஆயுதக் கிடங்குகள்தான், ஈரக் காற்றுக்குப் பயந்து. அப்பா சேர்ந்த வருஷங்களில் தடவிய அதே கறுப்பு.

இப்போது அது பூட்டிய இரும்புப் பெட்டியில் இருக்கிறது. போல்ட் தனியாக, வேறு பூட்டில். இந்த ரைபிளின் போல்ட் இதற்குத்தான் என்பதால் அதில் ஒரு சீட்டுக் கட்டியிருக்கிறேன். ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருக்குமாறு பார்த்துக்கொள்கிறேன். கூடினால் துரு, ரொம்பக் குறைந்தால் மரம் சுருங்கி வெடிக்கும். உள்ளே பஞ்சு வைத்த பெட்டியிலோ தோல் உறையிலோ வைப்பதில்லை, அவை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெறும் கையால் இரும்பைத் தொட்டால் உடனே எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு, ஏனென்றால் வியர்வையின் உப்பு விரல் ரேகையைத் துருவாகப் பதித்துவிடும். கம்மியர் கேஜ் வைத்துப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு ஐந்து தோட்டா மட்டும் சுட்டேன். அப்பா சொன்ன உதை பொய் இல்லை. அன்றைக்குப் பேரலைத் துடைத்தபோது கம்பியைப் பின்பக்கத்திலிருந்து, வாயைத் தொடாமல், நேராகத்தான் விட்டேன்.

போன மாதம் அப்பாவுக்கு அந்தப் பட்டின் படங்களை அனுப்பினேன். பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்ததில், 7-க்குப் பக்கத்தில் மரத்தின் நாரில் ஒரு வளைவு மங்கலாகத் தெரிகிறது. பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"ஆறு மாதிரி இருக்குப்பா. நானூத்தி எழுபத்தாறு."

"எட்டாக்கூட இருக்கலாம்ல, அப்பா?"

"இருக்கலாம். ஆனா எங்க ஸ்டோர்ல ஆறு இப்படித்தான் போடுவாங்க, வயிறு பெருசா."

அவருக்கு அது 476-ஆக இருக்க வேண்டும் என்று ஆசை. எனக்கும்தான். வெள்ளைப் பெயின்ட்டும் சின்ன பிரஷும் இருந்தால் ஐந்து நிமிஷத்தில் அந்த இலக்கத்தை எழுதிவிடலாம். எழுதவில்லை. நோட்டில், குறிப்பு எழுதும் இடத்தில், இப்படித்தான் பதிந்து வைத்திருக்கிறேன்: பட் நம்பர் 4, 7, அடுத்தது நான் அழித்தது.